பெரிய கிராணி வீட்டுக் கைப்பிடிகள்

இந்தத் தொழிலில் இருந்த காலமெல்லாம் என்னைப் பார்த்து "புண்ணியம் செய்கிறீர்கள்" என்று சொன்னவர்கள் ஏராளம். வயதானவர்கள் வீட்டுக்குப் போய்க் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போடுவது, வாசற்படியை இடித்துச் சரிவு கட்டுவது, குந்த முடியாதவர்களுக்கு உட்கார்கிற கக்கூஸ் வைத்துக் கொடுப்பது, இதெல்லாம் போகிற இடத்துக்குப் புண்ணியம் என்று அவர்களுக்கு நினைப்பு. நான் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துக்கொள்வேன். நீ செய்ததிலேயே நேர்த்தியான வேலை எது என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அது ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகச் செய்த வேலை.

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொங்கி அடங்குகிற கோபம் எனக்குக் கிடையாது. "நீங்க கத்தினாக்கூடப் பரவால்ல, சும்மா இருந்தாதான் பயமா இருக்கு" என்பாள் என் மனைவி. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் தெய்வம் இல்லை. ஆனால் எனக்கும் நிற்கத் தெரியும்.

எழுபதுகளில் என் அப்பா பந்திங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா முன்னமே போய்விட்டார். எனக்குத் தோட்ட வேலை பிடிக்கவில்லை. சுங்கை வே டவுனில் ஒரு இரும்புப் பட்டறையில் வெல்டிங் பழகிக்கொண்டு, இன்னும் சில பையன்களோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் அப்பா குலையைத் தூக்கிக்கொண்டு கால்வாய்ப் பலகையைக் கடக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்க முடிந்தது.

என்னோடு வந்துவிடச் சொன்னேன். "உன் ரூம்ல நான் எங்கடா படுக்கறது? அவனுங்க காலடியிலயா? எனக்கு என் வீடு போதும். ஒத்த ஆளு, கஞ்சி காய்ச்சிக் குடிச்சிக்கிட்டுக் கிடக்கறேன்" என்றார். தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீடு அது; வாசலில் உயரமான சிமெண்டுப் படிகள். அதில் ஏறி இறங்குவதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. பட்டறையில் மிச்சம் கிடந்த தண்ணீர்க் குழாய்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, வெட்டி ஒட்டி, பஸ்ஸில் போட்டுக் கொண்டுபோய்ப் படிக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி நட்டேன். பின்பக்கம் குழாயடிக்குப் போகிற வழியில் இன்னொன்று. நான் என் கையால் செய்த முதல் கைப்பிடிகள் அவைதாம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டு வேலையே இல்லாமல் ஏறி இறங்கிப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டி, "நம்ம பய செஞ்சது" என்றார்.

அடுத்த முறை நான் போனபோது கைப்பிடி இருந்த இடங்களில் வெறும் குழிகள் இருந்தன. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. "தோட்டத்துச் சொத்துல குழி தோண்டக்கூடாதாம். பெரிய கிராணி மண்டோர விட்டுப் புடுங்கிட்டாரு" என்றார் அப்பா. பெரிய கிராணி அதோடு விடவில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

மண்டோர் என்பவர் ஆள்களை மேய்க்கிற கங்காணி. பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்து அவர் வைத்ததுதான் சட்டம். துரையிடம் நேரில் போய்க் கேட்டிருந்தால் அவர் ஒருவேளை சரி என்றிருப்பார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கிராணியைப் பார்க்க அவர் வீட்டுக்கே போனேன். வீடு ஒரு மேட்டின்மேல் இருந்தது. ஏறிப்போக அகலமான படிகள். அந்தப் படியில் தோட்டத்து ஆள் கால் வைக்கக் கூடாது என்பது வழக்கம். செருப்பைத் தூரத்தில் விட்டுவிட்டுக் கீழே மண்ணில் நிற்க வேண்டும். அவர் மேலே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசுவார். வெயிலில் நின்றேன். அவர் தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்து முடித்தார்.

"என்னடா?"

"ஐயா, அப்பா அந்த வீட்டுலயே இருந்துக்கிறேங்கிறாரு. கொஞ்ச நாளு டைம் குடுங்க ஐயா. அந்தக் கம்பியும்…"

"வேலையாளு செக்ரோல்ல பேரு இருக்கறவனுக்குத்தான்டா வீடு. உங்கப்பன் பேரு இல்ல. உன் பேரும் இல்ல. நீ பெரிய டவுன்காரனாப் போய்ட்ட."

"அவரால நடமாட முடியும் ஐயா. கம்பி இருந்தா யார் ஒதவியும் வேணாம்."

"நடக்க முடியாதவனுக்குத் தனி வீடு என்னாத்துக்கு? தோட்டம் என்ன ஆசிரமமா? யார்கிட்டயாவது போய் ஒண்டிக்கச் சொல்லு."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த 'ஒண்டிக்கச் சொல்லு' என் காதில் பல வருஷம் கிடந்தது.

ஒரு லோரி பிடித்து அப்பாவையும் சாமான்களையும் கம்போங் மேடானுக்குக் கொண்டுவந்தேன். அங்கே பலகை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற இடத்தில் ஒரு மூலை கிடைத்தது. மழை பெய்தால் தண்ணீர் தரைக்கு வந்துவிடும். அங்கேயும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுக்கப் போனேன். "வேணாம்டா. யாராவது வந்து புடுங்கிடுவாங்க" என்றார் அப்பா. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் நடக்க முயற்சிகூடச் செய்யவில்லை. தோட்டத்தில் இழுத்து இழுத்தாவது குழாயடிவரை போன மனிதர், கம்போங் மேடானில் கட்டிலை விட்டு இறங்காமலே செத்துப் போனார். அவரைக் கொன்றது இடுப்பு அல்ல, அந்தக் கிராணி. அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

பிறகு கிள்ளானில் சொந்தமாகப் பட்டறை வைத்தேன். வீட்டு கேட், ஜன்னல் கிரில் என்றுதான் தொடங்கினேன். ஒரு சீனர் வீட்டுக்கு கேட் அளவெடுக்கப் போனபோது, அவருடைய வயதான தாயார் குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அங்கே ஒரு கம்பி போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா இன்னோர் அம்மாவிடம் சொல்ல, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும்கூட ஆள்கள் தேடி வந்தார்கள். சிமெண்டு, டைல்ஸ் வேலைக்கு ஒரு சீனக் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டேன். தோட்டக்காடுகளில் வளர்ந்தவன், என்னைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவான்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. அளவு நாடாவை எடுப்பதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பேன். பிள்ளைகள் இங்கே போடுங்கள், அங்கே போடுங்கள் என்பார்கள். தலையாட்டிவிட்டுச் சுவரைத்தான் பார்ப்பேன். வயதானவர்கள் நடக்கும்போது கை எங்கே போய் ஊன்றுகிறதோ அங்கே எண்ணெயும் வியர்வையும் படிந்து கறை விழுந்திருக்கும். அந்தக் கறையின் மேலேயே கம்பியைப் போட்டுவிட்டால் கை தானாக அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் பட்டறைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து போன் வந்தது. பேசியவர் மரியாதையானவர். அவருடைய தந்தை கிள்ளானில் சொந்த வீட்டில் தனியாக இருக்கிறாராம். தாயார் காலமாகிவிட்டார். தந்தைக்கு முட்டி இரண்டும் போய்விட்டது.

"அண்ணே, நீங்க நேர்ல போய்ப் பார்த்துட்டு ஓப்பனா சொல்லணும். வீட்ட சரி பண்ணி அவரு அங்கயே இருக்க முடியும்னா, என்னென்ன செய்யணுமோ செஞ்சிடுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. இங்க கூட்டிக்கிட்டு வந்துர்றேன், வீட்ட வித்துடலாம். நீங்க சொல்றதுதான்."

விலாசத்தை எழுதிக்கொண்டு, தந்தையார் என்ன வேலையில் இருந்தார் என்று பேச்சுக்குக் கேட்டேன். பந்திங் பக்கத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் என்று சொல்லித் தோட்டத்தின் பெயரையும் சொன்னார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ரிசீவரை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் பின்னால் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவச் சிரிப்பு வந்தது. யானைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்? 'முடியாது' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கிராணியின் வீடு போய்விடும். எவனோ ஒருத்தன் வாய்ச்சொல்லால் சொந்தக் கூரையை இழப்பது எப்படியிருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும். கூடவே எனக்குக் கூலியும் கொடுப்பார்கள். கரும்பு தின்னக் கூலியா!

மறுநாளே போனேன். கிள்ளானில் கட்டிய வீட்டுக்கும் அந்த மனிதர் உயரமாகப் படி வைத்திருந்தார். பழக்கம் விடுமா? மேலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

"யாரு? அங்கயே நில்லுங்க. யாரு?"

"கம்பி போடற ஆளு, அங்கிள். உங்க மகன் அனுப்பினாரு."

வேண்டுமென்றேதான் அங்கிள் என்றேன். ஐயா என்று சொல்ல வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு படியிலும் முழுப் பாதத்தை ஊன்றி மெதுவாக ஏறினேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. வெளியே போவதென்றால் எப்படி இறங்குவீர்கள் என்று கேட்டேன். முதலில் சொல்லத் தயங்கினார். பிறகு செய்தே காட்டினார். மேல்படியில் உட்கார்ந்து, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினார். கீழே போய்ச் சேர்ந்ததும் எழுந்திருக்க முடியாமல் மண்ணில் உட்கார்ந்தபடி என்னை அண்ணாந்து பார்த்தார். நான் மேலே நின்றுகொண்டிருந்தேன். இதைப் பார்க்க அப்பா இல்லையே என்று நினைத்தேன். உடனே இறங்கித் தூக்கிவிடவும் இல்லை. நிதானமாகத்தான் இறங்கி அவரை மேலே ஏற்றிவந்தேன்.

உள்ளே போய்ச் சுவர்களைப் பார்த்தேன். கட்டிலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து குளியலறைக்கு, எல்லா இடத்திலும் கை ஊன்றிய கறை மங்கலாகத்தான் இருந்தது. ஒரே ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்பே கறுத்து வழவழப்பாகிக் கிடந்தது. அது நடுக்கூடத்தில் டெலிபோன் மேசைக்குப் பக்கத்துச் சுவர். மணி அடிக்கும் என்று சாய்ந்துகொண்டு நின்று நின்று ஆன கறை. சமையலறையைவிட, கட்டிலைவிட, அங்கேதான் அவர் அதிக நேரம் நின்றிருக்கிறார்.

நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, என் மகன் உங்ககிட்ட என்னா கேட்டான்?"

"இந்த வீட்டுல நீங்க தனியா இருக்க முடியுமான்னு கேட்டாரு."

"முடியாதுன்னு சொல்லிடுங்க லா."

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

"செவுரு வீக்குன்னு சொல்லுங்க. கம்பி நிக்காதுன்னு சொல்லுங்க. பாத்ரூம இடிச்சா கூரை எறங்கிடும்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க தம்பி. நீங்க முடியாதுன்னு சொன்னாதான் அவன் என்னைக் கூப்பிட்டுக்குவான்."

"நீங்களே அவர்கிட்ட கேட்கலாமே, அங்கிள்?"

"பெத்தவன் போய்ப் பிள்ளைகிட்ட எடம் கேட்பானா? அழையாத வீட்டுல நொழையக் கூடாதுப்பா. அவன் வாயால வாப்பான்னு சொல்லணும்." துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் போன்ல கேக்கறப்பலாம், எனக்கென்னடா, ராஜா மாதிரி இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே பழக்கிட்டேன். பேரப்பிள்ளைங்க என் மூஞ்சப் பார்த்து வருஷமாச்சி. இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா? பக்கத்துத் தெரு ஆன்டி அடுக்குச்சட்டியில சோறு வச்சிட்டுப் போவாங்க. அந்தச் சட்டிகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்."

எனக்குத் தலையில் யாரோ தண்ணீரைக் கொட்டியது போல் ஆகிவிட்டது. நான் கையில் கொண்டுவந்த 'முடியாது' என்ற அந்தச் சொல்லைத்தான் இவரும் கேட்கிறார். அதைக்கொண்டு அவரை அடிக்க வந்தவன், அதை அவர் மடியில் வைத்துவிட்டுப் போவதா?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு நான் ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். "அங்கிள், நானும் அந்தத் தோட்டத்துக்காரன்தான்" என்றேன். முகம் மலர்ந்தது. எந்த லயம் என்று கேட்டார். சொன்னேன். "கடைசி வீடு. எங்கப்பா குலை வெட்டறவரு. இடுப்பு ஒடஞ்சி போச்சி. வாசல்ல ஒரு கைப்பிடி நட்டிருந்தோம். அதப் புடுங்கச் சொல்லிட்டு, எங்கள அனுப்பி வச்சீங்க."

அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு கையை விரித்தார்.

"எத்தனையோ பேரு தம்பி. இதுல யாரன்னு ஞாபகம் வச்சிக்கிறது? ரூல்ஸ்படி செஞ்சோம். நம்ம கையில என்னா இருக்கு?"

ஞாபகம் இல்லை! இத்தனை வருஷம் நான் சுமந்துகொண்டு திரிந்த மனிதருக்கு, என் அப்பா எத்தனையோ பேரில் ஒருவர். அவர் 'தெரியும், தப்பு செய்துவிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கேட்டதைச் செய்துவிட்டு எழுந்து போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சொல்லவில்லை.

டெலிபோன் அடித்தது. நான் வந்து பார்க்கிற நேரத்தில் கூப்பிடுவதாக மகன் சொல்லியிருந்தார். கிராணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்தக் கறையில் கையை ஊன்றி நின்று ரிசீவரை எடுத்தார். "ம்… இருக்காரு… நல்லாருக்கேன், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார். கண்ணால் கெஞ்சினார்.

"என்னண்ணே, எப்படி இருக்கு?" என்றார் மகன்.

"முடியும் சார்" என்றேன். "செவுரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துர்றேன். உங்கப்பா யார்கிட்டயும் போய் ஒண்டிக்க வேணாம். தாராளமா இங்கயே இருக்கலாம்."

அந்த 'ஒண்டிக்க' என்ற வார்த்தையைச் சொல்லும்போது கிராணியின் முகத்தை நேராகப் பார்த்தேன். அவருக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. மகன் நிம்மதியாக மூச்சு விட்டது மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

வேலையைத் தொடங்கினோம். முன்படிகளை இடிக்கும் வேலை கூட்டாளியுடையது. சம்மட்டியை அவனிடமிருந்து வாங்கி நானே இடித்தேன். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பும்வரை இடித்தேன். படி இருந்த இடத்தில் நீளமாக, கால் சறுக்காதபடி வரிவரியாகக் கீறிய சரிவு கட்டினோம். இரண்டு பக்கமும் கைப்பிடி. கூடத்திலிருந்து படுக்கையறை வழியாகக் குளியலறைவரை விடாமல் ஒரே கம்பி. கண்ணை மூடிக்கொண்டு போனாலும் கை விலகாது. நிலைப்படிகளை எல்லாம் எடுத்துச் சமன் செய்தோம். கட்டிலுக்கு உயரம் கூட்டினேன். கக்கூஸ் பக்கத்தில் எழுந்திருக்கும்போது உந்துவதற்கு ஒரு மடக்குக் கை. எல்லா முனையையும் விரலால் தடவித் தடவி, பிசிறு இல்லாமல் ராவினேன். வழக்கமாகப் போடுகிற கம்பியைவிடத் தடித்த கம்பியாகப் போட்டேன்.

கூட்டாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது என்னா, உன் அப்பாவா?" என்றான்.

"இல்ல. எங்கப்பாவ வீட்ட வுட்டுத் தொரத்தின ஆளு."

"அப்ப ஏன்யா இப்படி ஒழைக்கிற?"

"அதனாலதான்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்கும் விருப்பமில்லை.

அவர் விழக் கூடாது. விழுந்தால் மகன் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் அவர் விழுவதற்கு ஒரு இடம்கூட மிச்சம் வைக்கவில்லை. வேலை முடிந்த பிறகும் சில மாதத்துக்கு ஒருமுறை போய் ஒவ்வொரு கம்பியாக ஆட்டிப் பார்ப்பேன். கூலி வாங்க மாட்டேன். தெருக்காரர்கள் என்னைக் கண்டால், "பெத்த புள்ளைகூட இப்படிப் பார்க்க மாட்டான் லா" என்பார்கள். கிராணி நன்றாக நடமாடத் தொடங்கியிருந்தார். சரிவில் இறங்கிக் கேட்வரை போவார், திரும்புவார். கேட்டுக்கு அப்பால் போக அவருக்கு எந்த இடமும் இல்லை. மகன் போனில் கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. தந்தை சௌக்கியமாக இருக்கும்போது அடிக்கடி கூப்பிட என்ன அவசரம்?

ஒருமுறை போனபோது குளியலறைக் கம்பி ஆடியது. நான் மாட்டிய கம்பி தானாக ஆடாது. பார்த்தால், மேல்தட்டுத் திருகாணிகள் பாதி கழன்று நின்றன. சோப்பு வைக்கும் மாடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற கத்தி இருந்தது. நுனி வளைந்திருந்தது.

கிராணி குளியல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "வுட்டுடு தம்பி" என்றார். "ஒரே ஒரு தடவ விழுந்துக்கறேன். பெருசா வேணாம். கை கிய் ஒடஞ்சாப் போதும். அவன் வருவான்ல."

நான் வேனுக்குப் போய் கிரைண்டரை எடுத்துக்கொண்டு வந்தேன். திருகாணிகளை முதலில் இறுக முடுக்கினேன். இனி எந்தக் கத்தியாலும் கழற்ற முடியாதபடி ஒவ்வொன்றின் தலையையும் வழுக்கையாக ராவிவிடுவதுதான் என் எண்ணம். வயரைச் செருகிக்கொண்டிருந்தபோது அவர் பின்னாலிருந்து பேசினார்.

"உங்கப்பாவ இப்ப ஞாபகம் வந்துடுச்சி. கடைசி வீடு. லோரி கெளம்பறப்போ நீ மேல ஏறி, அவரு தலையத் தூக்கி உன் மடியில வச்சிக்கிட்ட. நான் மேட்டுலேருந்து பார்த்துக்கிட்டுதான் நின்னேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. அது நடந்தது. நானே மறந்திருந்தேன். இந்த மனிதர் அப்பாவை நினைத்துப் பார்க்க வேண்டும் என்றுதானே இத்தனை காலம் காத்திருந்தேன்? இப்போது நினைத்துப் பார்த்துவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"அவருக்கு அந்த மடி இருந்துச்சி" என்றார் கிராணி. "நான் செஞ்சது தப்புதான்பா. ஒத்துக்கிறேன். ஆனா எனக்கு அதுகூட…"

கிரைண்டரைப் போட்டேன். சின்னக் குளியலறையில் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. அவர் வாய் அசைந்துகொண்டேயிருந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பொறி பறக்கப் பறக்க எல்லாத் தலையையும் வழித்து முடித்துவிட்டு, கம்பியில் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. தரையில் விழுந்த இரும்புத்தூளைத் தண்ணீர் ஊற்றி, அவர் காலில் குத்தாதபடி கழுவிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் கம்பிகளை ஆட்டிப் பார்ப்பேன், அவர் டெலிபோன் பக்கத்தில் நிற்பார். இன்னும் சில வருஷங்கள் அப்படி நன்றாக வாழ்ந்தார். ஒருநாள் காலை அடுக்குச்சட்டி கொண்டுவந்த ஆன்டி, அவர் கட்டிலிலேயே போய்விட்டிருப்பதைப் பார்த்து எனக்குத்தான் முதலில் போன் செய்தார்.

மகன் வந்து சேர்ந்தார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு சரிவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் வந்து இரண்டு கையையும் பற்றிக்கொண்டு அழுதார்.

"கடைசிவரைக்கும் ஒரு தடவகூட விழலண்ணே. நீங்க அன்னிக்கு முடியாதுன்னு சொல்லியிருந்தா உடனே டிக்கெட் எடுத்திருப்பேன். அப்பாவுக்குன்னு அங்க ஒரு ரூம்கூட ரெடி பண்ணி வச்சிருந்தோம். பசங்க தாத்தா ரூம்னுதான் சொல்லுவாங்க. ஆனா அவருக்கு இங்க, தன் வீட்டுல இருக்கணும்னுதான் ஆசை. அது நடந்துச்சே, உங்களாலதான்."

"ஆமா சார்" என்றேன். "என்னாலதான்."